இரவல் பேர்

வெள்ளைக் கார் ஒன்று பிளாட்டுக்குக் கீழே, குப்பைத் தொட்டிகளை ஒட்டி வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. இன்ஜினை அணைக்கவும் இல்லை. துளசி மூன்றாவது மாடி நடையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காருக்குள்ளிருந்து ஒரு முகம் மேலே பார்த்தது. பிறகு மடியில் எதையோ பார்த்தது. மறுபடியும் மேலே பார்த்தது. வீட்டு எண்ணைத் தேடுகிற ஆள் அப்படிப் பார்க்க மாட்டான். அது ஆளைத் தேடுகிற பார்வை.

அரை வாளித் துணியோடு துளசி உள்ளே வந்துவிட்டாள். எதற்கு வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இரும்புக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சாவியால் தட்டுகிற சத்தம். வெளியே அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா மூச்சு வாங்க நின்றிருந்தார். கோயிலுக்குப் போகிறவர் போலத் தலையை வாரிப் பூ வைத்திருந்தார்.

"துளசிங்கிறது?"

"நான்தான். யாரும்மா நீங்க?"

அந்த அம்மா கைப்பேசியைத் தூக்கித் துளசியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். திரையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மூஞ்சி இதேதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திரையில் துளசியின் ஐசி, அடையாள அட்டை, இருந்தது. படம், பேர், எண், செமோரில் இந்த பிளாட்டின் முகவரி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"பாரிட் புந்தார்லேருந்து வாரோம். என் மவனுக்கு சிங்கப்பூர்ல வேலைன்னீங்க. பெர்மிட்டுக்குக் கட்டுன்னீங்க. கட்டிட்டேன். அதுக்கப்புறம் ஃபோன எடுக்கவே இல்ல. அதான் நேராவே வந்துட்டேன்."

"நான் யாருக்கும்மா வேலை வாங்கித் தரப் போறேன்? நானே ஈப்போ ஓட்டல்ல பெட்ஷீட் மாத்துறவ."

"இது உங்க ஐசி இல்லியா?"

"என்னோடதுதான்."

"அந்த அக்கவுண்டு? பணம் போடுறப்ப உங்க பேருதானே வந்துச்சு?"

 உள்ளே பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த கணவன் கார்த்திகேசு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

"பேசுனது ஆம்பள," என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. "நம்பிக்கைக்கு எங்க மேனேஜரோட ஐசின்னு சொல்லி இத அனுப்புனான். நீங்க செஞ்சீங்களோ, செய்யலியோ, எனக்குத் தெரியாது. ஆனா அவன் பேச்ச நம்பி நான் கட்டல. இந்த மூஞ்சியப் பாத்துதான் கட்டுனேன். நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி இருந்துச்சு."

அவர் படியிறங்கிப் போன பிறகும் கார் நெடுநேரம் அங்கேயே நின்றது.

"என்னடி, ஆலோங்கிட்ட வட்டிக்கு ஏதும் வாங்குனியா?" என்றான் கார்த்திகேசு.

"வாங்கல."

"என் பேரையாச்சும் பேங்க்காரன் கெடுத்தான். உன் பேர நீயே கூறு போட்டு விக்கிறியா?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். துளசி சிரிக்கவில்லை. திரையில் பார்த்த படத்தில் ஐசிக்குக் கீழே ஒரு மேசை விரிப்பின் ஓரம் தெரிந்தது. மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள். அவளை அத்தை என்று கூப்பிடும் ஷாமினி தனியாக அறை எடுத்துப் போனபோது செமோர் இரவுச் சந்தையில் துளசியே பேரம் பேசி வாங்கிக் கொடுத்த விரிப்பு அது.

*

துளசி பிறந்தது செமோருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு பால்மரத் தோட்டத்தில், ரப்பர் எஸ்டேட்டில். பால்மரம் வெட்டிப் பால் எடுத்த கடைசித் தலைமுறையில் அவளும் சில வருடம் வெட்டினாள். பிறகு தோட்டம் கைமாறியது; மரங்களைச் சாய்த்தார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். இன்று அங்கே ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. நுழைவாயிலில் காவலாளி நின்று, உள்ளே போகிறவர்களிடம் ஐசி கேட்கிறான்.

லயத்தில் யாரும் யாரிடமும் ஐசி கேட்டதில்லை. பேரை இரவல் கொடுப்பது அங்கே அரிசி இரவல் கொடுப்பது மாதிரி. ஒருத்தர் பேரில் மின்சாரம் வரும், மூன்று வீட்டில் விளக்கெரியும். ஒருத்தர் பேரில் தவணைக்கு எடுத்த குளிர்ப்பெட்டி வேறொருத்தர் வீட்டில் ஐஸ் கட்டும். கார்த்திகேசுவின் பேர் ஒரு மோட்டார் சைக்கிள் தவணையில் கெட்டுப்போனது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் எல்லாம் துளசியின் பேரில்தான். அவள் பேர் சுத்தம், ஒரு கறை கிடையாது. அந்தச் சுத்தத்தாலேயே லயத்தின் பொதுக்குழாய் மாதிரி ஆகிவிட்டது அது. யார் குடம் கொண்டுவந்தாலும் திறந்துவிட்டாள்.

லயத்தில் ஷாமினி பக்கத்து வீட்டுப் பிள்ளை. தாய் இந்தோனேசியாவிலிருந்து வந்தவள். கல்யாணத்தையும் பதியவில்லை, பிள்ளையையும் பதியவில்லை, ஒருநாள் ஊருக்குப் போனவள் திரும்பவும் இல்லை. தகப்பன் செம்பனைத் தோட்ட வேலை தேடி பாகான் டத்தோ பக்கம் போய் அங்கேயே செத்துப்போனான். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, ஐசி இல்லை. பத்திரத்துக்கு நாடு வேண்டும், பசிக்கு நாடு கிடையாது. ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சம்பளத்தை வங்கியில்தான் போடுவேன் என்றார் முதலாளி. ஐசி இல்லாதவளுக்கு எந்த வங்கி கணக்குத் திறக்கும்?

"எம் பேர்ல தொறந்துக்கலாம்லா," என்றாள் துளசி. ஒரு கணக்கு, ஒரு கைப்பேசி எண். வங்கி அட்டை, ரகசிய எண் எல்லாவற்றையும் பிள்ளையின் கையில் வைத்துவிட்டு வந்தாள். ஐசியை அவள் அறை மேசையில் வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவும் விட்டாள். அன்றைக்கு அது தப்பாகப் படவில்லை. மழைக்குக் குடை கொடுத்தது மாதிரித்தான் இருந்தது.

*

திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு வங்கிக்குப் போனாள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் ஐசியை வாங்கிக் கணினியில் தட்டினாள். தட்டியதும் முகம் மாறியது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னவள், உள்ளே போய் இன்னொருவரோடு பேசிவிட்டு வந்தாள்.

உங்கள் பேரில் இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டையும் முடக்கியிருக்கிறோம் என்றாள் மலாயில். ஒன்றில் ஓட்டல் சம்பளம். இன்னொன்றில் ஊர் பேர் தெரியாத மனிதர்கள் பணம் போட்டிருக்கிறார்கள். போட்ட உடனே யாரோ எடுத்திருக்கிறார்கள்.

"இரண்டாவது கணக்கின் அட்டை உங்களிடம் இருக்கிறதா?"

துளசி அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. "ஹிலாங்," என்று வாய் முந்திக்கொண்டது. காணாமல் போய்விட்டது.

அந்தப் பெண் நல்லவள். மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கே போலீசில் புகார் கொடுங்கள். மோசடிகளுக்கென்று 997 இருக்கிறது, கூப்பிடுங்கள். உங்கள் பேரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கடன் அறிக்கை எடுத்துப் பாருங்கள். உங்கள் பேரில் எத்தனை கைப்பேசி எண் ஓடுகிறது என்று விசாரியுங்கள். இனிமேல் ஐசி நகல் யாருக்குக் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று நடுவில் எழுதிவிடுங்கள். வெறும் நகலாகக் கொடுக்காதீர்கள்.

துளசி தலையாட்டினாள். ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. 'ஹிலாங்' என்று தான் சொன்ன சொல் மட்டும், தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

கைப்பேசிக் கடையில் கேட்டபோது அவளுக்குத் தெரிந்த எண்களோடு தெரியாத எண்களும் அவள் பேரில் வந்தன. யாரோ அவள் பேரைச் சொல்லிக்கொண்டு எங்கெங்கோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊரில் தனக்கே தெரியாமல் இன்னும் எத்தனை துளசி நடமாடுகிறார்களோ என்று நினைத்துக்கொண்டே வெயிலில் பூக்கடைக்குக் கிளம்பினாள்.

*

பூக்கடையின் பின்கட்டில் ஷாமினி மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். துளசியின் முகத்தைப் பார்த்ததும் நார் கையிலிருந்து நழுவியது.

"அத்தே..."

"பேங்கு கார்டு எங்கடி?"

அவள் அழவில்லை. இந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். ராஜு என்று ஒருத்தன். குடிமக்களுக்கான நீல ஐசி எடுத்துத் தருகிறேன், பெரிய இடத்தில் ஆள் இருக்கு என்றானாம். அதற்கு ஒரு குடிமகளின் ஜாமீன் வேண்டும், ஐசி படம் அனுப்பு என்றான். அனுப்பினாள். ஜாமீன்காரர் கணக்கு ஓடுகிறதா என்று ஆபீசில் பார்ப்பார்கள், அட்டையையும் சிம்மையும் கொடு, ரெண்டு நாளில் தருகிறேன் என்றான். கொடுத்தாள்.

"ஏங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா வேணாம்ப. எனக்கு ஐசி வேணும் அத்தே. ஒனக்குப் புரியாது. ஒனக்குப் பொறந்தப்பவே இருந்துச்சு."

துளசி ஒரு பூக்கூடையைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பாலாய்க்குப் போயி போலீஸ்ல சொல்லணும்."

"போ. ஆனா எம் பேர மட்டும் சொல்லாத. அடுத்த வாரம் பதிவிலாகாவுல ஐசிக்கு இன்டர்வியூ. இது அவன் வாங்கிக் குடுத்ததில்ல, நானே எழுதிப்போட்டு நெசமா வந்தது. எத்தன வருசம்! இப்ப போய் போலீஸ் கேசுல எம் பேரு வந்தா முடிஞ்சுது. புடிச்சி, ஐசி இல்லாதவங்கள அடைக்கிற கேம்புல போட்ருவாங்க. கார்டு காணாப் போச்சுன்னு சொல்லு அத்தே. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். பேங்கில் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியாயிற்று. இன்னொரு தடவை சொன்னால் பிள்ளை தப்பிப்பாள். துளசி கைப்பேசியை எடுத்து, ஷாமினிக்கென்று தன் பேரில் வாங்கிய எண்ணை அழுத்தினாள். எதற்கு அழுத்தினாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. மணி அடித்தது.

"வணக்கம், துளசி ஆபீஸ்," என்றது ஒரு ஆண் குரல். மரியாதையான குரல், தேன் தடவினது மாதிரி.

"நான் துளசி பேசுறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"அப்டியா? இங்கயும் துளசிதான். ஒங்களுக்கு எந்தத் துளசி வேணும்?"

"எங்கார்ட குடுத்துரு. ஊர்லேருந்து ஆளுங்க என் வீட்டுக் கதவத் தட்டுறாங்க. வயசான பொம்பள..."

"அக்கா, பதறாதீங்கலா. நானே வழி சொல்றேன். பாலாய்க்குப் போங்க. கார்டு காணாப் போச்சு, ஃபோனு காணாப் போச்சுன்னு ஒரு ரிப்போட் போடுங்க. போட்டுட்டு வீட்ல நிம்மதியா தூங்குங்க. ஷாமினிக்கு இன்டர்வியூ அடுத்த வாரந்தானே? பாவம், அது ஐசி எடுக்கட்டும். ஒங்களுக்கும் நல்லது, அதுக்கும் நல்லது." கொஞ்சம் நிறுத்தினான். "எனக்கும் நல்லது."

இணைப்பு அறுந்தது.

"என்னா சொன்னான்?" என்றாள் ஷாமினி.

"காணாப் போச்சுன்னு சொல்லச் சொல்றான்."

"அதான் நானும் சொல்றேன்."

"அதாண்டி எனக்குப் பயமா இருக்கு," என்றாள் துளசி.

*

அந்த வாரம் முழுக்க பிளாட்டுக்குக் கீழே கார்கள் வந்தன. சிலர் ஏறி வந்தார்கள். சிலர் கீழேயே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் காலையில் ஓடாத மின்தூக்கியின் கதவில் அவள் ஐசியைப் பெரிதாக அச்செடுத்து யாரோ ஒட்டியிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்தில் 'பெனிப்பு' என்றிருந்தது. மோசக்காரி. கார்த்திகேசு சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான். எழுத்து கிழிந்தது, முகத்தில் பாதி கதவிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டுச் சீன அம்மா, எப்போதும் ஆரஞ்சு கொடுக்கிறவர், கதவைச் சாத்திக்கொண்டார்.

ஓட்டலில் மேற்பார்வையாளர் கூப்பிட்டுப் பிரச்சினை தீரும்வரை வீட்டில் இரு என்றார். பதினான்கு வருடம் விருந்தினர் விட்டுப்போன சங்கிலியையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்தவள்தான். அவளுடைய கைப்பையைக் காவலாளி திறந்து பார்த்துவிட்டு அனுப்பினான்.

"காணாப் போச்சுன்னு சொல்லித் தொலையேன்," என்றான் கார்த்திகேசு. "ஒனக்கென்ன சத்தியவான் பட்டமா குடுக்கப் போறாங்க?"

"சொன்னா அவன் அடுத்தாப்ல யாரு மூஞ்சிய அனுப்புவான்?"

"அது யாரு மூஞ்சியா இருந்தா என்னா? ஓம் மூஞ்சி இல்லல்ல?"

துளசி யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஷாமினியின் பேரை எடுக்கவே வேண்டாம். அட்டையை நானேதான் ராஜுவிடம் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம். அவனும் மாட்டுவான், பிள்ளையும் தப்பிப்பாள். தன் கதி என்ன ஆகும் என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. பேரை இரவல் கொடுத்துப் பழகியவள். இன்னும் ஒரு தடவை கொடுக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

காவல் நிலையத்தில் தமிழ் சார்ஜன் ஒருவர் இருந்தார். நெஞ்சில் கோகிலன் என்ற பேர்ப்பட்டை. தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்.

"கார்டு காணாமப் போச்சா?"

"இல்ல. நான்தான் குடுத்தேன்."

விரல்கள் நின்றன. "அக்கா, இங்க வர்ற எல்லாருக்கும் கார்டு காணாமத்தான் போகும். கார்டோட சேந்து ரகசிய நம்பரும் காணாமப் போகும். நீங்கதான் மொத ஆளு, குடுத்தேன்னு சொல்றது. குடுத்ததும் குத்தந்தான், தெரியுமா?"

"தெரியும்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

"ராஜுன்னு ஒருத்தன்."

"ஏன் குடுத்தீங்க?"

"வேல வாங்கித் தாரேன்னான்."

"ஒங்களுக்குத்தான் ஓட்டல்ல வேல இருக்கே?"

துளசி மேசையின் ஓரத்தைப் பார்த்தாள். "கூடச் சம்பளம்னான்."

"சரி. ஆளு எப்படி இருப்பான்?"

"நல்லா பேசுவான்."

"பேச்ச வச்சி நான் யாரப் புடிக்கிறது? உயரமா, குட்டையா? கருப்பா, செவப்பா?"

"நடுத்தரம்," என்றாள். "முப்பது வயசு இருக்கும்... முப்பத்தஞ்சு."

சார்ஜன் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவில்லை. "நீங்க அவனப் பாத்ததே இல்லக்கா. யாருக்காகப் பேசுறீங்க? இத இப்படியே எழுதுனா நாளைக்கி அவன் வெளிய இருப்பான். நீங்க உள்ள இருப்பீங்க."

"நாப்பது வயசு இருக்கும்," என்று ஒரு குரல் கேட்டது.

வாசல் பெஞ்சிலிருந்து ஷாமினி எழுந்து வந்துகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. வராதே என்று துளசி அத்தனை தடவை சொல்லியிருந்தாள்.

"வலது காதுல கீழ கிழிஞ்சிருக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாடியில ரூம்பு. என்ன மாதிரி இன்னும் பிள்ளைங்க அவன்கிட்டப் போவுதுங்க, ஐசிக்கு. நேத்து அதுல ஒண்ணு பூக்கடைக்கு ஃபோன் பண்ணி எங்கிட்டப் பேசுச்சு. ஜாமீனுக்கு யாரப் புடிக்கிறதுன்னு கேக்குது." மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "கார்ட அவன்கிட்ட குடுத்தது நான். அத்தைக்கு ஒண்ணும் தெரியாது."

"ஏய், சும்மா இரு," என்றாள் துளசி.

"நீ சும்மா இரு அத்தே. எத்தன தடவதான் ஓம் பேரையே போடுவ?"

சார்ஜன் இருவரையும் பார்த்தார். "நீ யாரும்மா?"

"ஷாமினி."

"ஐசி குடு."

"இல்ல."

"எடுத்துட்டு வரலியா?"

"இருந்தாத்தானே எடுத்துட்டு வர்றது?"

அவர் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். உள்ளே திரும்பி மலாயில் யாரையோ கூப்பிட்டார். பெண் போலீஸ்காரி ஒருத்தி வந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். ஷாமினி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கதவு மூடியது.

புதிதாகத் தட்டச்சு செய்த புகாரை சார்ஜன் வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை அதில் இருந்ததெல்லாம் நடந்தது. துளசி கையெழுத்துப் போட்டாள்.

"இந்த நகல பேங்குல குடுங்க. ஃபோன் லைன்களை வெட்டச் சொல்லுங்க. விசாரணை அதிகாரி ஒங்களக் கூப்புடுவாரு, ஃபோன அணைச்சி வைக்காதீங்க. நீங்க போலாம்."

"அவ?"

"அவ இருக்கட்டும்."

"அடுத்த வாரம் அவளுக்கு இன்டர்வியூ சார். பதிவிலாகாவுல."

"அதையும் எழுதியிருக்கேன். அதுக்கு மேல எங்கையில இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒங்களுக்கு அந்தப் பிள்ள என்னா வேணும்? சொந்தமா?"

"பக்கத்து வீடு," என்றாள் துளசி.

அவள் போகவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ஷாமினி உட்கார்ந்திருந்த இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கைப்பேசி அதிர்ந்தது.

"முடிஞ்சிச்சா?" என்றான் கார்த்திகேசு.

"இல்ல."

"எப்ப வர்ற?"

"அவ வெளிய வந்ததும்."

"வரலேன்னா? கேம்புக்குக் கொண்டுபோயிட்டாங்கன்னா?"

துளசி கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள். புகார்த் தாளில் அவள் பேர் தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே ஷாமினியின் பேரும் தெளிவாக இருந்தது. இதுவரை கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது நின்றுவிட்டிருந்தது.